ராஜகீழ்ப்பாக்கத்து நாக்கு

சுந்தரராமனுக்குச் சங்கீதம் தெரியாது, கிரிக்கெட் தெரியாது. ஸ்கூட்டர் ஓட்டத் தெரியும் என்பது அவருடைய சொந்த அபிப்பிராயம். ஆனால் காபி விஷயத்தில் அவர் நாக்கை மிஞ்ச ஆளில்லை என்று ராஜகீழ்ப்பாக்கத்தில் அவர் குடியிருக்கும் காலனி முழுவதும் ஒப்புக்கொண்டிருந்தது. காலனி என்றால் நான்கு தெரு, ஒரு பிள்ளையார் கோவில், எப்போதும் தோண்டிப் போட்டிருக்கும் ஒரு மெயின் ரோடு. கல்யாண வீட்டில் அவர் டம்ளரை மூக்கருகே கொண்டுபோனால் பக்கத்து நாற்காலிக்காரர்கள் தங்கள் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருப்பார்கள். "சிக்கரி தூக்கல்" என்று அவர் சொன்னால் எல்லோருக்கும் சிக்கரி தூக்கலாகத் தெரியும். "ரெண்டு தரம் காய்ச்சின பால்" என்றால், அதுவரை சப்புக்கொட்டிக் குடித்தவர்கூட முகத்தைச் சுளித்துக்கொள்வார்.

இந்தப் புகழ் உண்டான விதத்தைச் சரியாகச் சொல்லிவிடுவது நல்லது. அவர் ஒரு மத்திய அரசு அலுவலகத்தில் தணிக்கைப் பிரிவில் வேலை பார்த்தவர். சேர்ந்த புதிதில் ஒருநாள் காண்டீன் காபியை ஒரு வாய் குடித்துவிட்டு, "இது பாலே இல்லை, பவுடர்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். காண்டீன்காரர் மட்டும் சிரிக்கவில்லை. சத்தியம் செய்ய ஆரம்பித்து, பாதியில் நிறுத்தி, மன்னிப்புக் கேட்டார். அன்று முதல் அவர் "நாக்கு சுந்தரராமன்". கை கழுவப் போன இடத்தில் பால் பவுடர் டின்னை அவர் கண்ணாலேயே பார்த்திருந்தார் என்பது வெளியே வரவில்லை. கொஞ்ச வருஷம் போனபின் அவருக்கே அது மறந்துவிட்டது. நாக்குதான் கண்டுபிடித்தது என்று மனப்பூர்வமாக நம்பத் தொடங்கினார்.

பகலில் பிறர் கணக்கில் குற்றம் கண்டுபிடிக்கச் சம்பளம் வாங்கினார். சாயங்காலம் மின்சார ரயிலில் தாம்பரம் வந்து இறங்கி, அதே வேலையை வீட்டில் சம்பளமில்லாமல் செய்தார். மாம்பலத்தில் வாடகைக்கு இருந்தவர் ராஜகீழ்ப்பாக்கத்தில் மனை வாங்கியபோது, "அவ்வளவு தூரம் உங்களைப் பார்க்க யார் வருவா?" என்று உறவினர்கள் துக்கம் விசாரித்தார்கள். யாரும் வரமாட்டார்கள் என்பதற்காகத்தான் அவர் அங்கே வாங்கினார். அதுவும் பலிக்கவில்லை. ஊர் தெற்கே கூடுவாஞ்சேரி தாண்டி ஓடிவிட்டது. அவர் வீடு நடுவில் மாட்டிக்கொண்டது. வருகிறவர்கள் எல்லோருக்கும் காபி கொடுக்க வேண்டியதாயிற்று.

காபி போட்டது அவர் இல்லை, மனைவி வேதா. ஊரில் எந்தக் காபியையும் பாஸ் செய்யாத சுந்தரராமன், தம் வீட்டுக் காபிக்கு மட்டும் தலைவணங்கினார். "எங்காத்துக் காபி குடிச்சுப் பார்த்துட்டு அப்பறம் பேசுங்கோ" என்று சவால் விடுவார். வந்து குடித்தவர்களும் அசந்துபோவார்கள். ஆனாலும் தணிக்கைக்காரர் தணிக்கைக்காரர்தானே. தினமும் காலையில் குடித்து முடித்ததும் பத்துக்கு இவ்வளவு என்று மார்க் போடுவார். எட்டே கால், எட்டரை, சில நாள் எட்டே முக்கால். ஒன்பது போட்டதே இல்லை. ஒன்பது போட்டால் அவளுக்கு மேற்கொண்டு முயற்சி செய்யத் தோன்றாது என்பது அவர் கொள்கை. வேதா இதைக் காதில் வாங்கினாளா என்று அவர் விசாரித்ததில்லை.

விவகாரம் ஆரம்பித்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. காலனி நலச் சங்கத்தின் செயலாளர் ஸ்ரீநிவாசராகவன் வந்திருந்தார். அவர்தான் காலனி வாட்ஸ்அப் குழுவுக்கும் அட்மின். அதாவது ஊர் வாய்க்கு அவர்தான் மூடி, பெரும்பாலும் திறந்தே இருக்கும். வேதா இருவருக்கும் காபி கொண்டுவந்து வைத்தாள். சுந்தரராமன் ஒரு வாய் உறிஞ்சினார், கண்ணை மூடினார், திறந்தார்.

"இன்னிக்கு ஆறரைதான், வேதா. ஆவரேஜ்."

ஸ்ரீநிவாசராகவனுக்குப் புரியவில்லை. "எது சார் ஆறரை?"

"காபிக்கு மார்க். தினமும் போடுவேன். அப்பதான் ஸ்டாண்டர்டு குறையாது."

"மாமிக்கா? மார்க்கா?" ஸ்ரீநிவாசராகவன் சிரித்த சிரிப்பில் அவர் காபி டபராவில் தளும்பியது. "ஃபெயில் ஆனா மறுபடி எழுதணுமா, மாமி?"

வேதா சிரிக்கவில்லை. கணவர் கையிலிருந்த டம்ளரை, பாதி காபியோடு, வாங்கிக்கொண்டாள்.

"நாளையிலேருந்து நீங்க போடுங்கோ. நான் மார்க் போடறேன்."

"ஏய், விளையாட்டுக்குச் சொன்னேன்..."

"நான் விளையாடலை. என் காபி மாதிரியே ஒரு காபி என்னிக்குப் போடறேளோ, அன்னிக்கு நான் திரும்ப அடுப்புக்கு வரேன். உங்க நாக்கேதான் ஜட்ஜ். அதுக்குத் தெரியாததா?"

செயலாளர் முன்னிலையில் போட்ட ஒப்பந்தம். அவர் தெருமுனை தாண்டுவதற்குள் வாட்ஸ்அப்பில் வந்துவிட்டது: "நாக்கு சாரின் சமையலறையில் ஆட்சி மாற்றம். முடிவுகள் விரைவில்." கீழே சிரிக்கிற முகங்களாக விழுந்தன. அந்தக் காபியை சுந்தரராமன் தம் கையால் போட்டுக் காட்ட முடியாவிட்டால் இத்தனை வருஷம் கட்டிக் காத்த பெயர் போய்விடும். அதைவிட முக்கியம், வீட்டில் அந்தக் காபியே இல்லாமல் போய்விடும்.

முதல் நாள் பில்டரின் மேல் அடுக்கில் தூளைப் போட்டார், அதுவரை சரி. தூளின் மேல் வைத்து அழுத்த வேண்டிய குடையை, இது ஏதோ உதிரி பாகம் என்று எண்ணி, கரண்டிகளோடு சேர்த்து மாட்டிவிட்டார். கொதிக்கிற தண்ணீரைக் குடகுடவென்று ஊற்றினார். கீழே வந்தது மழைக்குப் பிறகு மெயின் ரோட்டில் நிற்கிற திரவத்தின் நிறத்தில் இருந்தது. வேதா ஒரு வாய் குடித்தாள்.

"ஒண்ணு" என்றாள்.

"பத்துக்கு ஒண்ணா?"

"நூத்துக்கு."

மறுநாள் குடையை மறக்கவில்லை. முதல் நாள் மறந்ததற்கும் சேர்த்து அதைப் பலமாக அழுத்தினார். அழுத்தியதில் தூள் செங்கல்லாகிவிட்டது. எட்டு மணிக்கு ஒரு சொட்டு இறங்கவில்லை, ஒன்பதுக்கும் இல்லை. மேல் மூடியைத் தட்டினார், பில்டரை உலுக்கினார், குளிர்ச்சியாக இருக்கும்போலும் என்று வெயிலில் கொண்டுபோய் வைத்தார். வேதா வந்து அதன்மேல் காதை வைத்துக் கேட்டாள்.

"மூச்சு இல்லை" என்றாள். "ஆகவேண்டியதைப் பாருங்கோ."

கூடுவாஞ்சேரியிலிருந்து மகள் மிருதுளா போன் செய்தாள். "அப்பா, ஏன்பா இந்த அவஸ்தை? இன்ஸ்டன்ட் வாங்கிக்கோயேன். வெந்நீர், பால், ஒரு ஸ்பூன், முடிஞ்சது."

"நீ எந்த வயித்துல பொறந்தேன்னு ஞாபகம் வெச்சுண்டு பேசு" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

அந்த நாட்களில் அவரைப் பற்றி மிகவும் கவலைப்பட்டவள், ஆச்சரியமாக, கன்னியம்மாதான். வீட்டு வேலைக்கு வருகிறவள். பல வருஷமாக விடிவதற்கு முன்னால் வந்து, அவர் எழுந்த சற்று நேரத்துக்கெல்லாம் அடுத்த வீட்டுக்குப் போய்விடுவாள். அவரிடம் அவள் பேசியது அதுவரை, "சார், காலைத் தூக்கு, பெருக்கணும்" என்ற ஒரே வாக்கியம்தான். இப்போது வாசலில் நின்று விசாரித்தாள்.

"இன்னா சார், கத்துக்கினீங்களா இல்லியா?"

"கத்துண்டு இருக்கேன், கன்னியம்மா."

"சீக்கிரம் கத்துக்கோ சார். மாமி அடுப்பாண்ட வர மாட்டேன்னுது. எத்தினி நாளிக்கு இப்பிடியே ஓட்டறது? காலையில தலைய வலிக்குது சார்."

வேதாவுக்குத் தலைவலி என்று சொல்கிறாள் என அவர் எடுத்துக்கொண்டார்.

பிறகு அவர் விஷயத்தை முறையாக அணுகினார். முறையாக என்றால், வீட்டில் இருந்த எல்லாரையும் படுத்த ஆரம்பித்தார். நகைக்கடையில் வைத்திருப்பது போன்ற சின்னத் தராசு ஆன்லைனில் வந்தது. தண்ணீரில் முக்கி உப்பு பார்க்கிற பேனா ஒன்று வந்தது. மேற்குத் தாம்பரம் மார்க்கெட்டில் காபிக் கொட்டை வறுத்து அரைத்துக் கொடுக்கும் மாணிக்கவேல், அவர் ஸ்கூட்டர் சத்தம் கேட்டாலே மிஷினை நிறுத்தப் பழகிக்கொண்டான்.

"பீபெர்ரி கொட்டை முக்கால், பிளாண்டேஷன் கொட்டை கால். சிக்கரி நூத்துக்குப் பதினஞ்சு. பதினாறு போட்டா தெரிஞ்சுடும்" என்றார் சுந்தரராமன்.

"சார், போன வாரம் இருவதுன்னீங்க. அதுக்கு முந்தி பத்துன்னீங்க. நீங்க கேக்கறது காபித்தூளா, சூரணமா?"

"எங்காத்துல எப்பவும் என்ன தூள் வாங்குவா?"

"மாமியா? எய்ட்டி ட்வென்டி, எம்பது காபி, இருவது சிக்கரி. அரைச்சுக்கினு போய்க்கினே இருப்பாங்க. ஒரு பேஜார் கெடையாது."

"அதையேதான் நானும் வாங்கினேனே! அந்த டேஸ்ட் வரலையே!"

"அதுக்கு நான் இன்னா சார் பண்றது? கொட்டைய கேட்டாவா சொல்லப்போவுது?"

தூளில் குற்றமில்லை என்று ஆனதும் தண்ணீர் பக்கம் திரும்பினார். அந்த வீட்டில் நான்கு வித ஜலம் உண்டு: போர் தண்ணீர், குழாய்த் தண்ணீர், கேன் தண்ணீர், சுத்திகரிப்பு மெஷினில் சொட்டுகிற தண்ணீர். நான்கிலும் டிகாக்ஷன் இறக்கி, நான்கு டம்ளரில் ஊற்றி, சாப்பாட்டு மேஜையில் வரிசையாக நிறுத்தினார். போர் தண்ணீர்க் காபி பல்லில் ஒட்டியது. மெஷின் தண்ணீர்க் காபி, யாரோ காபி என்று காகிதத்தில் எழுதி அதைக் கரைத்த மாதிரி இருந்தது. குழாய்த் தண்ணீர் தேறியது.

இப்படித் தப்புத் தப்பாகச் செய்து சில உண்மைகளுக்கு வந்து சேர்ந்தார். தூள் அரைத்து ஒரு வாரத்துக்கு மேல் ஆகக்கூடாது. குடையை அழுத்தக்கூடாது; வைத்தால் போதும். தண்ணீர் கொதித்ததும் உடனே ஊற்றாமல் கொஞ்சம் மூச்சு வாங்க விட வேண்டும். முதலில் தூள் நனைகிற அளவுக்கு மட்டும் ஊற்றி, அது பொங்கி அடங்கியபின் மீதியைச் சுற்றிச் சுற்றி ஊற்ற வேண்டும். டிகாக்ஷன் ஆறிவிட்டால் அடுப்பில் வைத்துச் சூடாக்குவது மகாபாவம்; வெந்நீர்ப் பாத்திரத்தில் நிறுத்தினால் போதும். பால் ஒரே கொதி.

வேதாவின் மார்க் ஏறியது. மூன்று, ஐந்து, ஆறரை, ஏழு. ஒருநாள் டபராவில் கடைசிச் சொட்டு வரைக்கும் வழித்துக் குடித்துவிட்டு, "எட்டு" என்றாள். "சத்தியமாச் சொல்றேன், நன்னா இருக்கு."

சுந்தரராமன் தம் டம்ளரை வெறித்துக்கொண்டிருந்தார். "இது இல்லை."

"எது இல்லை?"

"இது நம்மாத்துக் காபி இல்லை. நெஞ்சுல வந்து உக்கார்றது. நம்மாத்துக் காபி அப்படியா? அது தொண்டையில இறங்கறதே தெரியாது. அதுல ஒரு... ஒரு அடக்கம் இருக்கும்."

"இதுக்கு என்ன கொறைச்சல்?"

"உனக்குத் தெரியாது, வேதா. அதுக்கு நாக்கு வேணும்."

வேதா டபராவுக்குள் முகத்தை வைத்துக்கொண்டு, "அதென்னமோ வாஸ்தவம்தான்" என்றாள்.

அவர் அவளிடம் கேட்காமலும் இல்லை. எத்தனை ஸ்பூன் போடுவாய், தண்ணீர் எதுவரை, எவ்வளவு நேரம் இறங்க விடுவாய், எல்லாம் கேட்டார். எல்லாவற்றுக்கும் சரியான பதில் சொன்னாள். ஒரு பொய்யும் இல்லை. கேட்காத கேள்விக்குப் பதில் சொல்வது மட்டும் அவள் வழக்கமில்லை. தணிக்கைக்குப் போன அலுவலகங்களில் எல்லாம் இவரை இப்படித்தான் நடத்தினார்கள். அங்கே புரிந்தது இங்கே புரியவில்லை.

அப்படி இருக்கையில் ஒருநாள் காலை, தோண்டிய ரோட்டைப் பற்றி மனு கொடுப்பதாகச் சொல்லிக்கொண்டு ஸ்ரீநிவாசராகவன் வந்து சேர்ந்தார். மனு கையில் இல்லை, போன் இருந்தது. முடிவுகளை நேரில் கண்டறிந்து குழுவில் போட வந்திருக்கிறார் என்பது சுந்தரராமனுக்கு உடனே தெரிந்துவிட்டது.

வேதா குளித்துக்கொண்டிருந்தாள். அவளுடைய காபி முடிந்திருந்தது. பில்டரின் அடியில் இருந்த டிகாக்ஷன் ஒரே ஒரு டம்ளருக்குத்தான் வரும். அது தமக்கு. இந்த வம்புக்காரருக்கா அதைத் தருவது? சுந்தரராமன், தம் வாழ்நாளில் எத்தனையோ வீடுகளைப் பார்த்து ஏளனம் செய்த அந்தக் காரியத்தை, சற்றும் கூச்சமில்லாமல் செய்தார். சாறு போன அந்தப் பழைய தூளின் மேலேயே இன்னொரு தரம் வெந்நீரை ஊற்றினார். இரண்டாம் டிகாக்ஷன்! வேண்டாத விருந்தாளிக்குத் தமிழர்கள் வாயால் சொல்லாமல் சொல்கிற செய்தி அது. நிறம் காட்டிக் கொடுத்துவிடக் கூடாதே என்று பாலைக் குறைத்தார். சுவை காட்டிக் கொடுத்துவிடக் கூடாதே என்று சர்க்கரையை அரைக் கரண்டி கூட்டினார். அதைப் பேர் வெட்டாத விருந்தாளி டம்ளரில் ஊற்றினார். தம்முடையதை, கல்யாணத்தில் வந்த, அடியில் "சு.ரா." என்று பேர் வெட்டிய டம்ளரில் ஊற்றினார். இரண்டையும் தட்டில் வைத்துக் கூடத்துக்குக் கொண்டுவந்தார்.

வியர்த்தது. தட்டை மேஜையில் வைத்துவிட்டு ஃபேன் போடத் திரும்பினார். ஸ்ரீநிவாசராகவன் எந்த வீட்டிலும் கொடுக்கும்வரை காத்திருக்கிற ஆளில்லை. கைக்கு எட்டியதை எடுத்துக்கொண்டார். மற்றதை சுந்தரராமன் எடுத்து, ஆற்றி, ஒரு வாய் குடித்தார்.

அப்படியே நின்றார். இன்னொரு வாய் குடித்தார். தொண்டையில் இறங்கியதே தெரியவில்லை. அந்த அடக்கம். லேசான அந்தத் தித்திப்பு. கல்யாணமான புதிதிலிருந்து வேதா கையால் ஒவ்வொரு காலையும் அவர் குடித்த அதே காபி.

"வேதா!" என்று ஒரு கூச்சல் போட்டார். "வேதா, வந்துடுத்து! ஓடி வா!"

வேதா ஈரத் தலையில் துண்டோடு, வீட்டுக்குள் பாம்பு வந்துவிட்டதாக எண்ணி ஓடிவந்தாள்.

"இதான்! இதேதான் நம்மாத்துக் காபி! நீ போடறது! அச்சு அசல்! சார், நீங்க சாட்சி. இத்தனை வருஷமா நான் குடிக்கற காபி இதுதான், ஒரு இம்மி பிசகில்லை. என் நாக்கு சொல்றது. குழுவில போடுங்கோ!"

"போட்டுட்டா போச்சு" என்றார் ஸ்ரீநிவாசராகவன், தம்முடையதைச் சப்புக்கொட்டியபடி. "நிஜமாவே அபாரம் சார். என்ன திக்கு, என்ன மணம்! மாமி, மன்னிச்சுக்கோங்கோ, மாமா உங்களைத் தாண்டிட்டார்."

வேதா கணவர் கையிலிருந்த டம்ளரை வாங்கி மூக்கருகே கொண்டுபோனாள். அவளுக்குக் குடித்துப் பார்க்க வேண்டிய அவசியம் இருக்கவில்லை. பிறகு ஸ்ரீநிவாசராகவன் அண்ணாந்து குடித்துக்கொண்டிருந்த டம்ளரின் அடியைப் பார்த்தாள். "சு.ரா." என்று அது கூடத்துக்கே அறிவித்துக்கொண்டிருந்தது. அவள் பார்வை போன இடத்துக்கு அவர் பார்வையும் போயிற்று.

கணக்கில் தப்பு எங்கே என்று ஒரு தணிக்கைக்காரர் கண்டுபிடிக்கும்போது முகத்தில் ஒரு வெளிச்சம் வரும். இப்போதும் வந்தது, வந்து உடனே அணைந்தது.

"என்ன சார் ரகசியம்?" என்றார் ஸ்ரீநிவாசராகவன், போனில் தட்டிக்கொண்டே. "எங்காத்துலயும் சொல்லணும்."

சுந்தரராமன் வேதாவைப் பார்த்தார். வேதா ஃபேனைப் பார்த்தாள்.

"தண்ணி" என்றார் அவர். "எல்லாம் தண்ணியிலதான் இருக்கு, சார்."

செயலாளர் போனபின் கதவைச் சாத்தித் தாழ் போட்டார். உண்மை வெளியே ஓடிவிடுமோ என்று பயந்தவர் மாதிரி மேல்தாழையும் போட்டார்.

"இத்தனை வருஷமா எனக்கு ரெண்டாம் டிகாக்ஷனா?"

"ஆமாம்."

"ஆமாமா! இப்படிக் கூசாம சொல்றே?"

"கேட்டேள், சொன்னேன். கல்யாணமான புதுசுல முதல் டிகாக்ஷன்லதான் கலந்து குடுத்தேன். என்ன பண்ணேள்? வேப்பங்கொழுந்து குடுத்த மாதிரி மூஞ்சிய வெச்சுண்டேள். 'என்ன இது, இவ்வளவு கசப்பு'ன்னேள். மறுநாள் பயந்துண்டு ரெண்டாவதைக் கலந்து, பாலைக் குறைச்சு, சர்க்கரையைக் கூட்டிக் குடுத்தேன். 'ஆஹா, இதான் காபி! எங்கே கத்துண்டே?'ன்னேள். நான் என்ன சொல்றது? புது மாட்டுப்பொண்ணு."

"அப்பறமாவது சொல்லியிருக்கலாமே!"

"அப்பறம்தான் நீங்க ஊரெல்லாம் போய் சவால் விட ஆரம்பிச்சுட்டேளே. யாரு வாயைத் திறப்பா?"

"வந்தவா எல்லாரும் பிரமாதம் பிரமாதம்னு குடிச்சாளே. அவாளுக்கும் ரெண்டாவதா?"

"ஐயையோ! வந்தவாளுக்கு யாராவது ரெண்டாவது குடுப்பாளா? அவாளுக்கு முதல்தான்."

சுந்தரராமன் நாற்காலியில் உட்கார்ந்தார். கல்யாண வீடுகள், கல்யாண வீட்டு நாற்காலிகள், அவர் சொல்லுக்காகக் கீழே வைத்துக் காத்திருந்த டம்ளர்கள் எல்லாம் வரிசையாக வந்துபோயின. விருந்தாளிகளும் அவரும் ஒரே காபியைப் புகழ்ந்ததாக நினைத்து, வேறு வேறு காபியைப் புகழ்ந்திருக்கிறார்கள்.

"விருந்தாளி வராத நாள்ல? அந்த முதல் டிகாக்ஷன் எங்கே போச்சு?"

இந்த ஒரு கேள்விக்குத்தான் வேதா சற்றுத் தயங்கினாள்.

"நான் குடிப்பேன். நானும் கன்னியம்மாவும்."

"கன்னியம்மாவுக்கு முதல்! எனக்கு ரெண்டாவதா!"

"அவ அஞ்சரைக்கு வரா. நீங்க ஆறரைக்கு எழுந்துக்கறேள். முதல்ல வரவாளுக்கு முதல். இதுல என்ன தப்பு?"

தணிக்கைச் சட்டப்படி அதில் தப்பு எதுவும் அவருக்குத் தென்படவில்லை. அதுதான் அவரை அதிகம் வதைத்தது. சற்று நேரம் விரலால் மேஜையைத் தட்டிக்கொண்டிருந்தார். குரலைத் தாழ்த்தினார்.

"இது வெளியில போகக் கூடாது."

"எனக்கென்ன பைத்தியமா? சொன்னா, 'அத்தனை வருஷமா முதல் டிகாக்ஷனைக் குடிச்சவ'ன்னு எனக்குத்தானே பேர் வரும்."

"சரி. ஒப்பந்தப்படி உன் காபி மாதிரியே போட்டாச்சு. நாக்கு ஒத்துண்டாச்சு. நாளையிலேருந்து நீதான் போடணும்."

"போடறேன். வாக்குன்னா வாக்கு." வேதா துண்டை அவிழ்த்துத் தலையை உதறினாள். "ஆனா இனிமே எதைக் குடுக்கறது? அதையும் சொல்லிடுங்கோ."

"என்ன கேள்வி இது? முதல்தான்! நான் என்ன கடன் வசூலிக்க வந்த தண்டல்காரனா, ரெண்டாவது குடிக்க?"

மறுநாள் அவர் ஐந்தரைக்கே எழுந்தார். பல் தேய்த்து, முகம் கழுவி, விபூதி இட்டுக்கொண்டு, உரிமையை நிலைநாட்டுகிற நடையில் சமையலறைக்குப் போனார். உள்ளே பேச்சும் சிரிப்பும் கேட்டது. அவர் வாசலில் நின்றதும் பட்டென்று நின்றது. வேதா மேடையில் சாய்ந்து நின்றாள். கன்னியம்மா கதவோரம் முக்காலியில் உட்கார்ந்திருந்தாள். இருவர் கையிலும் ஆவி பறக்கிற டம்ளர். அவர்கள் எதைப் பற்றிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள் என்பதை, எல்லாக் காலையும் எதைப் பற்றிச் சிரித்திருப்பார்கள் என்பதையும் சேர்த்து, அவர் ஒரு நொடியில் புரிந்துகொண்டார்.

"இன்னா சார், இம்மாம் சீக்கிரம் ஏந்துட்ட?" என்று கன்னியம்மா எழப்போனாள்.

"உக்காரு, உக்காரு. எனக்கும் அதையே கொண்டா, வேதா."

வேதா முதல் டிகாக்ஷனில் கலந்து கொடுத்தாள். நுரை நின்றது. கருத்து, கனத்து, மணம் ஊரைக் கூட்டியது. எந்தப் புத்தியுள்ள ஆளும் பத்துக்குப் பத்துப் போடுகிற காபி. சுந்தரராமன் ஒரு வாய் குடித்தார். இருவரும் அவர் முகத்தையே பார்த்தார்கள். முகத்தை நேராக வைத்துக்கொள்ள மிகவும் பாடுபட்டார். இன்னொரு வாய் குடித்தார். இடது கண் தானாகச் சுருங்கிற்று.

"கசக்குதா சார்?" என்று கன்னியம்மா கரிசனத்தோடு கேட்டாள்.

"அதெல்லாம் இல்லை."

"மாமி, சார் மூஞ்சியப் பாரேன். கொயந்தைக்கு மருந்து ஊத்துன மாரி கீது."

வேதா வாயைப் புடவைத் தலைப்பால் பொத்திக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியது. சுந்தரராமன் கௌரவமாக மூன்றாவது வாய்க்கு டம்ளரை உயர்த்தினார். பாதி வழியில் கை நின்றுவிட்டது. டம்ளரை மேடைமேல் வைத்தார். சற்றுத் தள்ளி வைத்தார்.

"கன்னியம்மா, இன்னும் கொஞ்சம் குடிக்கறியா? நான் வாய் வெக்காம அண்ணாந்துதான் குடிச்சேன்."

"குடு சார். வீணாக்குவாங்களா?" என்று அவள் தன் டம்ளரை நீட்டினாள்.

வேதா மேடைப் பக்கம் திரும்பினாள். பில்டரின் மூடியைத் திறந்து, பழைய தூளின் மேல் வெந்நீரை மெல்லச் சுற்றி ஊற்றி, மூடினாள். உள்ளே சொட்டுச் சத்தம் ஆரம்பித்தது.

"நேரமாகும்" என்றாள். "கூடத்துல போய் உக்காருங்கோ. கொண்டுவரேன்."

"இல்லை, இங்கேயே இருக்கேன்" என்றார் சுந்தரராமன். அரிசி டின்னின் மேல் உட்கார்ந்தார். "என்ன பேசிண்டிருந்தேளோ, பேசுங்கோ."

இரண்டு பெண்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அதெப்டி சார் பேசறது?" என்றாள் கன்னியம்மா. "நீதான் குந்திக்கினு கீறியே."